பத்தடி பறந்த பந்து

மினசோட்டாவில் ஜனவரி. வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறது. என் சித்தப்பா மகன் அரைக்கால் சட்டையோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய், பச்சைப் பாயின் மேல் ஒரு பந்தை வைத்து ஓங்கி அடிக்கிறான். பத்தடி தள்ளித் தொங்கும் கெட்டியான வெள்ளைத் திரையில் அது ‘தொப்’பென்று மோதி, அவன் காலடிக்கே உருண்டு வருகிறது. திரையிலோ அந்தப் பந்து கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தில், கடலை ஒட்டிய வானத்தில் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. அது தரைக்கு வந்ததும் ஓரத்தில் எண்கள் வரிசைகட்டுகின்றன. தூரம் 231 கஜம். வலப்பக்க விலகல் 18 கஜம்.

“ச்சே, மறுபடியும் ஸ்லைஸ்” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. ஆனால் கணக்கு இடித்தது. “பத்தடிதானேடா போச்சு? மீதி 228 கஜம் எங்கேர்ந்து வந்துச்சு?”

“அளந்தது பாதி, கணக்குப் போட்டது பாதிண்ணா.”

பாதி என்பது தாராளம். 231 கஜத்தில் பத்தடி என்றால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ முறையீட்டில் திரையில் போட்டுக் காட்டும் பந்தின் பாதை நினைவிருக்கும். அங்கே பந்து கையைவிட்டுக் கிளம்பியது முதல் கால்காப்பில் படும்வரை கேமராக்கள் பார்த்துவிடுகின்றன. காலுக்கும் ஸ்டம்புக்கும் நடுவே உள்ள கொஞ்ச தூரத்தை மட்டும்தான் கணினி ஊகிக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்கே ‘அம்பயர்ஸ் கால்’ என்று ஒரு சந்தேகத்தின் பலன் வைத்திருக்கிறார்கள். இங்கே கதை தலைகீழ். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு வரை சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பலனும் கிடையாது. 231 என்றால் 231.

இது ஏன் சாத்தியமாகிறது என்றால், மட்டையைவிட்டு விலகிய பிறகு பந்துக்கும் ஆடியவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் எடை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதியே இருப்பதால், எந்தக் கடையில் வாங்கினாலும் ஏறக்குறைய அதே உருண்டைதான். இனி அதை இழுக்கப்போவது புவியீர்ப்பு, தடுக்கவும் தூக்கவும் போவது காற்று. எனவே கிளம்பும்போது அதன் வேகம் என்ன, எவ்வளவு மேல்நோக்கி, எவ்வளவு இடம் வலமாக, எவ்வளவு சுழற்சியோடு, அந்தச் சுழற்சியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்து என்ற ஐந்து எண்களும் கையில் இருந்தால், கணினி ஒவ்வொரு மில்லிநொடியாக நகர்த்தி நகர்த்திப் பந்தைத் தரைவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஐந்தில் முதல் மூன்று சுலபம். நான்காவதும் ஐந்தாவதும்தான் இந்தத் தொழிலின் தலைவலி.

சுழற்சிக்கு ஏன் இத்தனை மரியாதை என்பதை 1890-களிலேயே ஒருவர் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தார். எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். கோல்ஃப் பைத்தியம். அவர் மகன் ஃபிரெடி 1896-லும் 1898-லும் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன். பந்து காற்றில் அவ்வளவு நேரம் நிற்பது வெறும் வேகத்தால் விளங்கவில்லை என்று டெய்ட்டுக்குப் பட்டது. பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போகிறது, அதனால் காற்று அதை மேலே தூக்குகிறது என்று முடிவுக்கு வந்தார். சுழற்சியை எண்ணுவது எப்படி? மெல்லிய நாடா ஒன்றின் ஒரு முனையைப் பந்தோடு ஒட்டி, மகனைப் போன்ற ஆட்டக்காரர்களை விட்டு அடிக்கச் சொல்லி, நாடாவில் எத்தனை முறுக்கு விழுந்திருக்கிறது என்று எண்ணினார். சென்சார் என்ற சொல் புழங்காத காலத்து சென்சார் அது. எனக்கு அந்த நாடாவின் மேல் தனி மதிப்பு. இன்று பல்லாயிரம் டாலர் கருவிகள் செய்வதும் அந்த முறுக்கை எண்ணும் வேலையைத்தான்.

தொழில்முறை ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். டேனிஷ் நிறுவனமான டிராக்மேன் முன்பு வெளியிட்டுப் பரவலாகப் புழங்கும் சராசரிப்படி, அமெரிக்காவின் பிஜிஏ டூர் ஆண்கள் டிரைவர் என்ற நீள மட்டையால் அடித்தால் பந்து மணிக்கு 167 மைல் வேகத்தில் கிளம்பும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 75 மீட்டர். சுழற்சி நிமிடத்துக்கு 2686. இந்த வேகத்தில் பந்தின் மேல் காற்று தரும் தூக்குவிசை தொடக்கத்தில் பந்தின் எடையையே மிஞ்சிவிடும். அதனால்தான் நல்ல அடி கல் எறிந்ததுபோல் வளையாமல், சிறிது தூரம் விமானம்போல ஏறுகிறது. மேற்பரப்பில் உள்ள முந்நூறு நானூறு குழிகளுக்கும் இதில் பங்குண்டு. குழியில்லாத வழவழப் பந்தை அதே மாதிரி அடித்தால் ஏறக்குறைய பாதி தூரத்தில் விழுந்துவிடும்.

இந்தப் பந்து பேஸ்மென்ட்டில் பத்தடியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் நொடியில் 25-இல் ஒரு பங்கு. அதற்குள் எத்தனை சுற்று சுற்றும்? நொடிக்கு 45 சுற்று என்று வைத்தால், இரண்டுகூட முழுதாகத் தேறாது. இரண்டு சுற்றுக்கும் குறைவாகப் பார்த்துவிட்டு நிமிடத்துக்கு 2686 என்று நான்கு இலக்கத்தில் சொல்ல வேண்டும். திறந்த மைதானத்தில் ஆறு நொடி பறக்கும் பந்தைப் பின்தொடரும் கருவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. வீட்டுக்குள் வந்தால்தான் சென்சாருக்குச் சோதனை.

சோதனையை இரண்டு விதமாகச் சமாளிக்கிறார்கள். ஒன்று, ராடார். பந்துக்குப் பின்னால் ஆறேழு அடி தள்ளி வைத்த சிறு பெட்டி நுண்ணலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். விலகி ஓடும் பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் இறங்கியிருக்கும். நம்மைக் கடந்துபோகும் ரயிலின் ஊதல் சுருதி இறங்குவது போலத்தான். 24 கிகாஹெர்ட்ஸ் அலை, நொடிக்கு 75 மீட்டர் பந்து என்றால் இறக்கம் 12,000 ஹெர்ட்ஸ். கோடிக்கணக்கில் அதிரும் அலையில் இது தூசு. ஆனால் போன அலையையும் வந்த அலையையும் கலந்து வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்தால், காதுக்கே கேட்கக்கூடிய ஒரு கீச்சொலி. சுழற்சி எங்கே தெரியும்? பந்தின் மேற்பரப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எதிரொலிப்பதில்லை. சுற்றுக்கு ஒருமுறை அந்தக் கீச்சொலி லேசாக நடுங்கும். நடுக்கத்தை எண்ணினால் சுழற்சி. பத்தடிக்குள் இரண்டு நடுக்கம்கூடக் கிடைக்காது என்பதால், பந்தில் உலோகப் பொட்டு ஒட்டுவார்கள், அல்லது உள்ளேயே ராடாருக்குத் தெரியும் குறி பதித்த பந்தை விற்பார்கள். டைட்டிலிஸ்ட் நிறுவனம் டிராக்மேனோடு சேர்ந்து அப்படி ஒரு பந்து கொண்டுவந்தது. அந்த டிராக்மேனே 2003-இல் தொடங்கியது. அதன் பொறியாளர் ஃபிரெட்ரிக் டுக்சன் அதற்கு முன், பறக்கும் பீரங்கிக் குண்டுகளைத் தொடரும் ராடார் செய்த நிறுவனத்தில் இருந்தவர். குண்டும் பந்தும் ராடாருக்கு ஒன்றுதான்.

இரண்டாவது, கேமரா. என் தம்பியிடம் இருந்தது அந்த வகை. பந்துக்குப் பக்கத்தில் இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருக்கும், டிபன் பாக்ஸ் உயரத்துக்கு ஒரு பெட்டி. இது பத்தடிகூடப் பார்ப்பதில்லை. பந்து ஓரடி நகர்வதற்குள் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. ஓரடிக்கு நான்கு மில்லிநொடி. அந்த நேரத்தில் அகச்சிவப்பு மின்னலைப் பளிச்சிட்டுச் சில படங்களை எடுத்துவிடும். படம் ஒவ்வொன்றும் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடியது என்று வைத்தால்கூட, அதற்குள் பந்து முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பிறகு முதல் படத்தில் இருந்த குழிகளும் எழுத்தும் அடுத்த படத்தில் எங்கே திரும்பியிருக்கின்றன என்று ஒப்பிடும். டிரைவர் அடியில் அந்த ஓரடிக்குள் பந்து திரும்புவது 65 பாகை அளவுதான், கால் சுற்றுகூட இல்லை. ஆனால் முழுச் சுற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் கேமராவின் சாமர்த்தியம். இடம் குறைந்த வீட்டுக்கு இதுவே தோது என்பது என் அபிப்பிராயம். ராடார்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பந்தைப் பற்றி. பந்தின் பறத்தலைத் திரையில் வரைய இது போதும். ஜிஎஸ்புரோ என்ற சிமுலேட்டர் மென்பொருளுக்குக் கருவிகள் அனுப்பும் தகவலின் அமைப்பைப் பார்த்தேன். அதில் பந்துக்கு ஒரு பகுதி, மட்டைக்கு ஒரு பகுதி. மட்டைப் பகுதி இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே தனியாக ஒரு கட்டம். இல்லை என்றாலும் ஆட்டம் நடக்கும். மென்பொருளுக்குப் பந்து எங்கே போகும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஏன் அப்படிப் போனது என்ற கவலை ஆடுகிறவனுடையது.

என் தம்பிக்கு அந்தக் கவலை ஒரு மாதமாக இருந்தது. அவனுடைய பந்து லேசாக இடப்பக்கம் கிளம்பி, நடுவழியில் மனம் மாறி, வலப்பக்கம் வளைந்து விழும். இதுதான் அந்த ஸ்லைஸ். அவன் வைத்திருந்த கருவி பந்தை மட்டுமே பார்க்கும் வகை. ஆனாலும் திரையில் மட்டைக்கும் எண்கள் வந்தன. மட்டை வேகம், மட்டை வந்த பாதை, மட்டை முகத்தின் கோணம். பார்க்காததை எப்படிச் சொல்கிறது? பந்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு.

அந்தக் கணக்கின் அடிப்படை கொஞ்சம் சுவையானது. பந்து முதலில் மட்டை வீசப்பட்ட திசையில் கிளம்பும், பிறகு மட்டையின் முகம் பார்க்கும் திசைக்கு வளையும் என்றுதான் பயிற்சியாளர்கள் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தவறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லாஸ் அலாமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த தியோடர் ஜோர்கென்சன் என்ற நெப்ராஸ்கா இயற்பியலாளர், கோல்ஃபின் இயற்பியலைப் பற்றி 1994-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். மட்டை போகும் திசையை ஒரு கோடாகவும், அதன் முகம் பார்க்கும் திசையை இன்னொரு கோடாகவும் வரைந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு தளம் உருவாகும். பந்து அந்தத் தளத்துக்குள்தான், அதுவும் முகத்தின் கோட்டை ஒட்டித்தான் கிளம்பும். சுழற்சியின் அச்சு அந்தத் தளத்துக்குச் செங்குத்து. இரண்டு கோடுகளும் நேர் மேலும் கீழுமாக இருந்தால் தளம் நிமிர்ந்து நிற்கும், பந்து நேராகப் போகும். முகமும் பாதையும் பக்கவாட்டில் விலகினால் தளம் சாயும், அச்சு சாயும், பந்து வளையும். பக்கச் சுழற்சி என்று தனியாக ஒன்று இல்லை. இருப்பது ஒரே சுழற்சி, சாய்ந்த அச்சில். இந்த விளக்கம் ஆடுகளத்தில் பரவியது, ராடார் கருவிகள் அதை எண்களாகக் காட்டிய பிறகுதான்.

ஆகவே பந்து கிளம்பிய திசையும் அச்சின் சாய்வும் தெரிந்தால், முகமும் பாதையும் என்னவாக இருந்திருக்கும் என்று திருப்பிக் கணக்கிடலாம். தம்பியின் கருவி அப்படிக் கணக்கிட்டுத்தான், ‘உன் மட்டை வெளியிலிருந்து உள்ளே, ஏழு பாகை இடப்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது’ என்றது. அவனும் நம்பி ஒரு மாதம் வீச்சை மாற்றிப் பார்த்தான். முழங்கையை ஒட்டி வைத்தான். யூடியூபில் யார் யாரோ சொன்னதைக் கேட்டான். ஸ்லைஸ் போகவில்லை. போதாக்குறைக்கு மட்டை வேகமும் முன்பைவிடக் குறைவாகக் காட்டியது. “வயசாகுதுண்ணா” என்றான். முப்பத்தெட்டு வயது அவனுக்கு.

தடயம் கடைசியில் கிடைத்தது குளியலறை அலமாரியில். பாத வியர்வைக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே. கோல்ஃப்காரர்களின் பழைய தந்திரம் இது. மட்டையின் முகத்தில் அதை மெல்லியதாக அடித்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். பந்து பட்ட இடத்தில் மட்டும் பவுடர் உதிர்ந்து வட்டமாகத் தெரியும். பத்து அடி அடித்துவிட்டு மட்டையைத் திருப்பிக் காட்டினான். வட்டங்கள் எல்லாம் நடுவில் இல்லை. கைப்பிடித் தண்டு வந்து சேரும் பக்கம், ‘ஹீல்’ என்று அவர்கள் சொல்லும் குதிகாலில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன.

இங்கேதான் பின்னோக்கிப் போட்ட கணக்கு சறுக்கியது. பந்து முகத்தின் நடுவில் பட்டது என்று அந்தக் கணக்கு சொல்லாமல் வைத்துக்கொள்கிறது. ஓரத்தில் பட்டால் நடப்பது வேறு. மட்டைத் தலையின் எடைமையம் முகத்துக்குப் பின்னால் இருக்கிறது. குதிகாலில் பந்து மோதும்போது அந்தப் பக்கம் பின்தங்கும், மறுபக்கம் முன்னே வரும். தலை திரும்பும். முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் அந்த நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில், பல்சக்கரத்தோடு பல்சக்கரம் கோத்ததுபோல, தலை ஒருபக்கம் திரும்பப் பந்து எதிர்ப்பக்கம் சுழலும். விளைவு ஸ்லைஸ். டிரைவரின் முகம் வயிறுபோல லேசாகப் புடைத்திருப்பதால் குதிகால் பகுதி இடப்பக்கத்தை நோக்கியிருக்கும். பந்து இடப்பக்கம் கிளம்புவதற்கு அது காரணம். வீச்சின் பாதை நேராக இருந்தால்கூட இதெல்லாம் நடக்கும். பந்தை மட்டும் பார்த்தால் இரண்டு நோய்க்கும் ஒரே அறிகுறி.

மட்டை வேகம் குறைந்ததாகக் காட்டியதும் இதே கோளாறுதான். பந்து வேகத்தை மட்டை வேகத்தால் வகுத்தால் வருவதை ‘ஸ்மாஷ் ஃபேக்டர்’ என்கிறார்கள். விதிப்படி டிரைவர் முகத்தின் துள்ளல் அளவு 0.83-ஐத் தாண்டக்கூடாது. மட்டைத் தலை 200 கிராம், பந்து 46 கிராம் என்று பள்ளிக்கூட மோதல் கணக்கில் போட்டுப் பாருங்கள். 1.83-ஐ 1.23-ஆல் வகுத்தால் 1.49. டூர் ஆட்டக்காரர்களின் சராசரி 1.48. விதி அனுமதிக்கும் உச்சத்தை உரசிக்கொண்டு நிற்கிறார்கள். குதிகாலில் பட்டால் இந்த எண் விழும். ஆனால் மட்டையைப் பார்க்காத கருவி, நன்றாகப் பட்டது என்றே வைத்துக்கொண்டு பந்து வேகத்தை வகுக்கிறது. மெதுவாக வந்த பந்துக்கு மெதுவாக வீசிய ஆள்தான் காரணம் என்று முடிவு கட்டுகிறது. தம்பிக்கு வயதாகவில்லை. பட்ட இடம்தான் தவறு. ஒரு சின்ன எச்சரிக்கையும் இங்கே உண்டு. ஏதாவது கருவி ஸ்மாஷ் 1.55 என்று காட்டினால், ஆடியவரைப் பாராட்டுவதற்கு முன் கருவியைச் சந்தேகிக்கலாம். மட்டைத் தலை திரும்பிக்கொண்டே வருவதால் அதன் நுனி வேகமாகவும் குதிகால் மெதுவாகவும் நகர்கிறது. தலையின் எந்தப் புள்ளியை ராடார் பிடித்தது என்பதைப் பொறுத்து ‘மட்டை வேகம்’ மாறிவிடும்.

மட்டையை நிஜமாகவே பார்க்கும் கேமராக் கருவியை நண்பர் ஒருவரிடம் ஒரு வார இறுதிக்கு வாங்கி வந்தான். மட்டையின் முகத்தில் சின்னச் சின்னப் பிரதிபலிக்கும் பொட்டுகளை ஒட்ட வேண்டும். அகச்சிவப்பு வெளிச்சத்தில் பொட்டுகள் மினுங்க, அவற்றின் இடப்பெயர்ச்சியிலிருந்து முகம் எந்தப் பக்கம் பார்த்தது, தலை எந்த வழியில் வந்தது, மேலேறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா, பந்து எங்கே பட்டது என்பதையெல்லாம் கருவி அளந்துவிடுகிறது. பாதை ஏழு பாகை என்ற குற்றச்சாட்டு ஒன்றரைப் பாகையாகச் சுருங்கியது. பட்ட இடம் மையத்திலிருந்து 19 மில்லிமீட்டர் குதிகால் பக்கம். வைத்தியம்? பந்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நின்றான். அன்று மாலையே வளைவு பாதியாகக் குறைந்தது.

ஒரு மாதப் பயிற்சி வீண்தானா என்று கேட்டேன். “முழங்கை வலிதான் மிச்சம்” என்றான். எனக்கு அந்தக் கருவியின் மேல்கூடக் கோபம் வரவில்லை. அது பொய் சொல்லவில்லை, பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறத்தில் போட்டது. பந்து வேகத்துக்குப் பக்கத்திலேயே மட்டைப் பாதை. எது அளவு, எது அனுமானம் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஊகித்த எண்ணுக்கு முன்னால் ஒரு ‘சுமார்’ போட்டால் என்ன குறைந்துவிடும்?

புறப்படும் நாள் காலை பேஸ்மென்ட்டில் சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தேன். தம்பியின் ஆறு வயது மகள், மூலையில் கிடந்த பழைய சிமுலேட்டர் பாயை விரித்து வைத்திருந்தாள். இவன் முதன்முதலில் வாங்கியது. அதில் கேமராவும் இல்லை, ராடாரும் இல்லை. பாயில் பதித்த அகச்சிவப்பு உணரிகள் மேலே கடக்கும் மட்டையை மட்டும் பார்க்கும். அது எப்போது, எந்தக் கோணத்தில் கடந்தது என்பதை வைத்துப் பந்து எப்படிப் போயிருக்கும் என்று முடிவு செய்யும். அவளுடைய குட்டி பிளாஸ்டிக் மட்டை பாயைத் தடவிக்கொண்டு போனது. திரையில் பந்து எழும்பி, மரங்களைத் தாண்டி, பச்சையில் விழுந்தது. 64 கஜம். குதித்துக் கைதட்டினாள்.

“பந்து எங்கேம்மா?” என்றேன்.

“இதுக்குப் பந்து வேணாம் பெரியப்பா” என்றாள்.